குண்டோதரனுக்கு அறிவு ஆறு

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை இரவுகள் எனக்கு நிலையத்தில் வேலை இருக்காது. அந்த இரண்டு இரவுகளிலும் சிராங்கூனில் ஒரு நண்பரின் வீவக வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் இருப்பேன். ஆறு பேர், ஒரு பை நிறையப் பகடைகள், கறி பஃப், முறுக்கு, ஒரு பெரிய போத்தல் பண்டோங். நாங்கள் விளையாடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. 'இந்த வயசில பொம்மை விளையாட்டா?' என்று அம்மா இன்னமும் கேட்பார். பொம்மை எதுவும் கிடையாதம்மா, வெறும் பேச்சுதான் என்பேன். 'அதைத்தான் ரேடியோவிலயும் செய்யுற' என்பது அவர் பதில்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் கதை நடத்துவார். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். எங்கள் குழுவில் அது ஒரு மலாய்த் தோழி, பகலில் தாதி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு அந்தக் கதைக்குள் நடமாடுவோம். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று நீங்கள் சொன்னால், உடைந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

சென்ற முறை ஏழாவது நாற்காலி ஒன்று போட்டோம். என் அக்கா மகனுக்காக. அவனுக்கு 12 வயது. இந்த ஆண்டு பிஎஸ்எல்இ எழுதுகிறான். பள்ளியின் முன்னோட்டத் தேர்வு முடிவுகள் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. வீட்டில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. 'ஒரே ஒரு ராத்திரி கூட்டிட்டுப் போறேன்க்கா' என்று கெஞ்சித்தான் அழைத்து வந்தேன்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆறு திறன்கள் உண்டு. வலிமை, லாவகம், உடலுறுதி, அறிவு, விவேகம், வசீகரம். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஆறுபக்கப் பகடை நான்கை உருட்டி, ஆகக் குறைந்ததைத் தள்ளிவிட்டு, மற்ற மூன்றையும் கூட்டினால் ஓர் எண் வரும். அப்படி ஆறு முறை. எந்த எண்ணை எந்தத் திறனுக்குக் கொடுப்பது என்பது உங்கள் விருப்பம்.

பையன் உருட்டினான். 15, 14, 13, 12, 10, கடைசியாக ஒரு 6.

குள்ளர் இனத்துப் போர்வீரன் ஒருவனை உருவாக்கினான். பாட்டி சொன்ன கதையிலிருந்து பெயர் வைத்தான்: குண்டோதரன். 15 வலிமைக்கு, 14 உடலுறுதிக்கு, 13 விவேகத்துக்கு, 12 லாவகத்துக்கு, 10 வசீகரத்துக்கு. மிச்சமிருந்த 6 அறிவுக்கு. போர்வீரனுக்கு அறிவு அவ்வளவு தேவையில்லை, சரியான தேர்வுதான் என்று நான் பாராட்ட வாயெடுத்தேன்.

'கணக்கில எனக்கு ஏஎல்6 மாமா. அதனால இங்கயும் 6,' என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன?

1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரு அமெரிக்கர்கள் இந்த விளையாட்டை வெளியிட்டார்கள். இன்றைய ஆறு திறன்களும் அன்றே இருந்தன. மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டினால் குறைந்தது 3, அதிகம் 18. ஆனால் அந்த எண்கள் அப்போது பெரிதாக எதையும் தீர்மானிக்கவில்லை. அதிக வலிமை உள்ள வீரன் கொஞ்சம் வேகமாக அனுபவப் புள்ளி சேர்ப்பான், வசீகரம் உள்ளவன் கூடுதல் ஆட்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளலாம், இப்படிச் சில சலுகைகள்தான்.

பிறகு வந்த பதிப்புகளில் எண்களுக்கு மவுசு கூடியது. 1978ல் வந்த விளையாட்டாளர் கையேட்டில் வலிமை 18 உள்ள வீரர்களுக்கு மட்டும் ஒரு சிறப்புச் சதவீதம் உண்டு. மனித ஆண் 100 வரை போகலாம். மனிதப் பெண் 50ஐத் தாண்டக்கூடாது என்று விதியே எழுதிவைத்தார்கள். 1989ல் வந்த இரண்டாம் பதிப்பில் அது போனது. 1985ல் ஒரு துணைநூல் 'அழகு' என்று ஏழாவது திறனைச் சேர்த்தது. அது நிலைக்கவில்லை. இந்தத் திறன்களின் வரலாற்றைப் படித்தால், ஒரு மனிதனிடம் எதை அளக்கவேண்டும் என்று அந்தந்தக் காலத்து ஆட்கள் நினைத்தார்கள் என்பது தெரியும்.

அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது இனம் பற்றிய விதி. பல ஆண்டுகளாக, நீங்கள் எந்த இனத்தில் பிறந்தீர்கள் என்பதைப் பொறுத்து எண் கூடும், குறையும். 2016ல் வந்த ஒரு நூலில், ஓர்க் இனத்துப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் அறிவில் 2 குறைத்துக்கொள்ள வேண்டும். பிறப்பிலேயே மட்டு! 2020ல் அந்தக் கழிவை நீக்கினார்கள். 2024ல் வந்த புதிய கையேட்டில், கூடுதல் எண்கள் பாத்திரத்தின் பின்னணியிலிருந்து வருகின்றன. அவன் என்னவாகப் பிறந்தான் என்பதை விட்டுவிட்டு, என்ன வேலை செய்து வளர்ந்தான் என்று கேட்கிறார்கள். 'இனம்' என்ற சொல்லையே அந்தக் கையேடு மாற்றிவிட்டது. சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாம் ஒரே மேசையில் முறுக்கு கடித்துக்கொண்டிருக்கும் எங்கள் குழு, புத்தகம் மாறுவதற்கு முன்பே அந்த விதியைக் கழற்றிவிட்டது.

அறிவுக்கும் விவேகத்துக்கும் என்ன வித்தியாசம்?

புதிதாக வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நம் வீட்டு அடுப்படியை வைத்துச் சொல்கிறேன். மீன் குழம்புக்கு என்னென்ன போடவேண்டும் என்று தெரிந்திருப்பது அறிவு. குழம்பில் உப்பு கூடிவிட்டதைச் சாப்பிடுபவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பது விவேகம். உப்பு கூடிய குழம்பையும் 'இன்னொரு கரண்டி போடுங்க' என்று கேட்கவைப்பது வசீகரம். அடுப்பு மேலிருந்து சட்டியை இறக்குவது வலிமை, சிந்தாமல் இறக்குவது லாவகம், சாப்பிட்ட பிறகும் நன்றாக இருப்பது உடலுறுதி.

விளையாட்டின் விதியும் ஏறக்குறைய இதுதான். அறிவு என்பது நினைவாற்றலும் தர்க்கமும் படிப்பும். விவேகம் என்பது கண்ணும் காதும் உள்ளுணர்வும்.

வசீகரம் பற்றி என்னிடம் ஒரு தனிக்கதை உண்டு. வானொலி அறிவிப்பாளர் என்றதும், குழுவில் சேர்ந்த புதிதில் எல்லாரும் 'உன் பாத்திரத்துக்கு வசீகரம் 18தானே' என்றார்கள். என் பாத்திரம் ஒரு மந்திரவாதி. அவருக்கு வசீகரம் 8. ஒலிவாங்கி முன்னால் மூன்று மணி நேரம் பேசும் நான், திருமண வீடுகளில் மூலை நாற்காலி தேடும் ஆள். இரண்டும் நான்தான். அதை எந்த ஓர் எண்ணில் எழுதுவது?

மேசையில் நடந்தது

விளையாட்டு ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் எங்கள் குழு ஒரு பாதாள அறையில் மாட்டிக்கொண்டது. வந்த வழி இடிந்து மூடிவிட்டது. நான்கு பக்கமும் கல் சுவர். எங்கோ ஓர் இரகசியக் கதவு இருக்கிறது. நாங்கள் பெரியவர்கள் எல்லாரும் மந்திரம், கடப்பாரை என்று அரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை.

பையன் மெதுவாகக் கையைத் தூக்கினான். பள்ளிக்கூடப் பழக்கம்.

'ஒரு மெழுகுவத்தியக் கொளுத்தி சுவரு ஓரமா கொண்டு போலாம். எங்க சுடர் ஆடுதோ, அங்க காத்து வருது. அங்கதான் கதவு.'

மேசையே ஒரு கணம் அமைதியானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் எங்கள் நண்பர் ஒருவர், பொறியாளர், விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், சொன்னார்: 'யோசனை நல்லா இருக்கு. ஆனா உன் ஆளுக்கு அறிவு 6. 6ன்னா ஐக்யூ 60 மாதிரி. இது அவனுக்குத் தோணாதே?'

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இது இந்த விளையாட்டில் அந்தக் காலத்திலிருந்தே இருக்கும் விவாதம்: யோசிப்பது விளையாடுபவரா, பாத்திரமா? நூறு கிலோவைத் தூக்க முடியாதவர் தூக்கக்கூடிய வீரனாக விளையாடலாம் என்றால், புத்திசாலி ஒருவர் மந்தமான பாத்திரமாக விளையாடும்போது தன் யோசனையை அடக்கிக்கொள்ள வேண்டாமா? நியாயமான கேள்விதான்.

ஆனால் பையனின் கை இறங்கிவிட்டது. 'ஆமா,' என்றான். பிறகு முறுக்கை உடைத்து உடைத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

எங்கள் டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தைத் திறக்கவில்லை. 'அடிக்,' என்றார். மலாயில் தம்பி என்று அர்த்தம். 'குண்டோதரன் சின்ன வயசில் என்ன வேலை செய்தான்?'

பையன் யோசித்தான். 'சுரங்கத்தில இருந்தான்.'

'சுரங்கத்தில் வேலை பார்த்தவனுக்குக் காற்று எங்கே வருகிறது என்று தெரியாமல் இருக்குமா? தெரியாவிட்டால் உயிரோடு இருந்திருக்க மாட்டான். இது படிப்பு விஷயம் இல்லை. விவேகத்துக்கு உருட்டு. பத்து வந்தால் போதும்.'

இருபது பக்கப் பகடையை உருட்டினான். 9. விவேகம் 13 என்றால் 1 கூட்டிக்கொள்ளலாம். மொத்தம் 10. சுடர் ஆடியது. கதவு திறந்தது. பொறியாளர்தான் முதலில் கைதட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் போட்ட கணக்கு

அந்தப் பகடையை நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அறிவுக்கு உருட்டச் சொல்லியிருந்தால், 6க்கு 2 கழிக்கவேண்டும். 9ல் 2 போனால் 7. கதவு திறந்திருக்காது. அதே பையன், அதே யோசனை, அதே பகடை. எந்த எண்ணைக் கேட்டோம் என்பது மட்டும்தான் வேறு.

ஐக்யூ 60 என்ற கணக்கும் தப்பு. அறிவை பத்தால் பெருக்கினால் ஐக்யூ என்பது ரசிகர்களிடையே உலவும் பழைய பழக்கம். மூன்று பகடைகள் விழ 216 வழிகள் இருக்கின்றன. அவற்றில் 20ல் கூட்டுத்தொகை 6 அல்லது அதற்குக் கீழ் வரும். அதாவது ஏறக்குறைய 11 பேரில் ஒருவர். ஐக்யூ 60க்குக் கீழே வருபவர்களோ ஆயிரத்தில் நான்கு பேர்தான். குண்டோதரன் போன்றவர்கள் உங்கள் பேருந்தில் நாலைந்து பேர் இருப்பார்கள். யார் என்று உங்களால் சொல்லமுடியாது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 18 விழுவது 216ல் ஒரே ஒரு வழியில். 10, 11 இரண்டும் சேர்ந்து 54 வழிகளில். நான்கில் ஒரு பங்கு. பெரும்பாலானவர்கள் நடுவில்தான் இருக்கிறோம். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் மூன்று பகடைகளை நூறு முறை உருட்டி, ஒவ்வொரு கூட்டுத்தொகைக்கும் ஒரு கட்டம் நிரப்பச் சொல்லுங்கள். நடுவில் மேடும் இரு பக்கமும் சரிவுமாக ஒரு குன்று மெதுவாக எழும்பும்.

அந்த எண்ணால் எவ்வளவு வித்தியாசம் வருகிறது என்று பார்த்தால், அதுவும் நாம் நினைப்பதைவிடக் குறைவு. இன்றைய விதிப்படி 10க்கும் 11க்கும் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. 18க்கு 4 கூட்டலாம். 6, 7 இரண்டுக்கும் 2 கழிக்கவேண்டும். நடுத்தரச் சிரமமுள்ள காரியத்துக்கு 15 எடுக்கவேண்டும். 18 உள்ளவருக்கு அது பாதிக்குப் பாதி வாய்ப்பு. 10 உள்ளவருக்கு 30 விழுக்காடு. 6 உள்ளவருக்கு 20. மேதை இரண்டில் ஒரு முறை தோற்கிறார். குண்டோதரன் ஐந்தில் ஒரு முறை ஜெயிக்கிறான்.

அதற்காக எண்ணே பொய் என்று சொல்லமாட்டேன். வலிமை 18க்கும் 6க்கும் வித்தியாசம் இருக்கிறது. சுமையைத் தூக்கும்போது தெரியும். விதிப்புத்தகம் வலிமையைப் பதினைந்தால் பெருக்கி, இத்தனை பவுண்டு சுமக்கலாம் என்று சொல்லிவிடுகிறது. 10 என்றால் 150 பவுண்டு, கிட்டத்தட்ட 68 கிலோ. ஆறு திறன்களில் இப்படித் தராசில் வைத்துப் பார்க்கக்கூடியது அது ஒன்றுதான். அறிவை எதால் பெருக்குவது என்று அந்தப் புத்தகம் சொல்லவே இல்லை.

184

பையனை அழைத்துக்கொண்டு எம்ஆர்டியில் வந்தேன். இரவு பதினொன்றரை. பெட்டியில் அதிகம் பேர் இல்லை.

'மாமா, உங்க பிஎஸ்எல்இ என்ன?'

வீட்டில் இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. வானொலியில் பேசுகிறவர், பட்டதாரி, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும்.

'184,' என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. அப்போதெல்லாம் டி-ஸ்கோர் என்று விளக்கினேன். நீ எத்தனை மதிப்பெண் எடுத்தாய் என்பதோடு, அந்த ஆண்டு எழுதிய மற்ற எல்லாரும் எத்தனை எடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் போடும் கணக்கு. உன்னைவிட மற்றவர்கள் நன்றாகச் செய்தால் உன் எண் இறங்கும். 2021லிருந்து அது இல்லை. இப்போது மற்றவர்களைப் பார்ப்பதில்லை. 45லிருந்து 64 வரை எடுத்தால் ஏஎல்6, யார் எடுத்தாலும்.

'அப்போ 184 நல்லதா?'

'வழக்கநிலை ஏட்டுக்கல்விக்குப் போனேன். உயர்நிலைப்பள்ளியில அஞ்சு வருஷம். அப்புறம் பலதுறைத் தொழிற்கல்லூரி. வேலை பார்த்துக்கிட்டே மீடியா படிச்சேன்.'

அவன் கொஞ்ச நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'உங்களுக்குக் கோவமா இருந்துச்சா?'

இருந்தது. ஓர் ஆசிரியர் என் எண்ணைப் பார்த்துவிட்டு, 'மொழி உனக்கு வராது, வேற ஏதாவது பார்' என்று சொன்னதை நான் மறக்கவில்லை. தமிழ் பேசிச் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு மாதமும் அது ஞாபகம் வரும். அந்த எண் என்னை எந்த வகுப்பில் உட்காரவைப்பது என்று முடிவு செய்யப் போடப்பட்டது. அதற்கு அது உதவியிருக்கலாம். நான் யார் என்று அதனிடம் யாரும் கேட்டிருக்கக்கூடாது. கேட்டவர்களில் நானும் ஒருவன். நிறைய வருடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. 'கொஞ்சம் இருந்துச்சு,' என்று மட்டும் சொன்னேன்.

கணக்கில் ஏஎல்6 பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பரவாயில்லை என்றால் அவன் நம்பமாட்டான். பின்னமும் விகிதமும் இன்னும் வரவில்லை, அதை உட்கார்ந்து போடவேண்டும், அது உண்மை. 'ஞாயித்துக்கிழமை காலையில வரேன், விகிதம் போடலாம்' என்றேன். 'பகடை கணக்கு போடலாமா?' என்றான். 216ல் 20 என்பதைச் சுருக்கச் சொன்னேன். உட்லீ தாண்டி பூன் கெங் வருவதற்குள், 54ல் 5 என்றான்.

மறுநாள் அக்கா கூப்பிட்டார். பையனின் பையைத் துவைக்கப் போட்டபோது குண்டோதரனின் தாள் கிடைத்ததாம். அறிவு என்ற கட்டத்தில் 6 அப்படியே இருக்கிறது. அவன் அழிக்கவில்லை. பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி எழுதியிருக்கிறான்: 'எழுதப் படிக்கத் தெரியாது. காத்து வர்ற இடம் தெரியும்.'

'இது என்னடா?' என்று கேட்டார் அக்கா. விளக்கினேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பரீட்சை முடிந்ததும் அந்த மேசையில் எட்டாவது நாற்காலி போட இடம் இருக்குமா என்று கேட்டார்.

இருக்கிறது. பண்டோங்தான் இன்னொரு போத்தல் வாங்கவேண்டும்.

இந்த ஆண்டு பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளைகளுக்கும், அவர்களைவிட அதிகம் தூங்காமல் இருக்கும் பெற்றோருக்கும் என் வாழ்த்துகள்.